நடுச்சாமத்தில் கேப்டனை எழுப்பலாமா?

கேள்வி: ஜூலை 18

கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கேன். எனக்குக் கீழே 18 பேர். போன வாரம் டிரெய்னிங் என்று ஒருத்தரைக் கூட்டி வந்தாங்க. போர்க்கப்பல் கேப்டன் மாதிரி தலைமை தாங்கணும்னு ரெண்டு மணி நேரம் பேசினார். எனக்கு ஏறவே இல்லை. கப்பலில் கேப்டன் சொல்றதைக் கேட்கலைன்னா கோர்ட் மார்ஷல். நடுக்கடலில் வேலையை விட்டுட்டு இறங்கிப் போகவும் முடியாது. இங்கே நான் ஒரு சொல் கூடச் சொன்னா, 500 ரூபாய் அதிகம் தர்ற பக்கத்துக் கம்பெனிக்கு மறுநாளே போயிருவான். பயத்தில் ஓடுற கப்பலில் இருந்து நான் கத்துக்க என்ன இருக்கு? நேவியில் இருந்தவங்க யாராவது உண்மையைச் சொல்லுங்க.

ஜூலை 19, இரவு 10.50

இருந்தேன் தம்பி. 15 வருசம். கேப்டனாக இல்லை. சீமேன் பிரிவில் சேர்ந்து, பாதிக் காலம் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டுகிற மேடையில், சுக்கான் பிடித்து நின்றவன். திரும்பி கேப்டன் முகத்தைப் பார்க்க முடியாது, கண் காம்பஸில் இருக்கணும். அதனால் ஐந்து கேப்டன்களையும் எனக்குக் குரலாகத்தான் தெரியும். செருமுகிற சத்தத்தை வைத்தே மனுஷன் எந்த நிலையில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவேன்.

இப்போது பாளையங்கோட்டையில் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட். மாமனார் பார்த்த தொழில். அவருக்கு முட்டுவலி வந்ததும் என் தலையில் விழுந்தது. என்னோடு 22 பேர். ஆடி பிறந்துவிட்டது, அடுப்புக்கு லீவு. எழுத நேரம் இருக்கிறது.

கோர்ட் மார்ஷலை 15 வருசத்தில் ஒரு தடவைகூட நான் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் டிஃபால்டர்ஸ்தான். தப்புப் பண்ணினவன் தொப்பியைக் கழற்றிவிட்டு கேப்டன் முன்னால் நிற்பான். அவனுடைய டிவிஷனல் ஆபீசர் பக்கத்தில் நிற்பார், அவனைப் பற்றி நல்லது கெட்டது சொல்வதற்கு. உங்க டிரெய்னர் இந்த ஆளைப் பற்றிச் சொன்னாரா? பையனுக்கு ஊரில் என்ன பிரச்சினை, லீவு கேட்டுக் கிடைக்காமல் போச்சா, வீட்டுக்குப் பணம் அனுப்புகிறானா, எல்லாம் அவர் வாயில் இருந்துதான் வரணும். ஒரு தடவை அந்த ஆபீசர் தெரியாமல் முழித்தார். அன்றைக்குத் திட்டு வாங்கினது பையன் இல்லை.

உங்க 18 பேரில் எத்தனை பேருக்கு எந்த ஊர் என்று பார்க்காமல் சொல்வீங்க?

ஜூலை 20, காலை 6.15

நேற்று எழுதினதைப் படித்தால் நேவி ஏதோ பிறந்த வீடு மாதிரித் தெரிகிறது. அப்படி இல்லை. கத்துகிறவர்கள் உண்டு, எக்கச்சக்கமாக உண்டு. ஆனால் சுக்கான் பிடிக்கிற இடத்தில் யாரும் கத்த மாட்டார்கள். அங்கே ஒரு சடங்கு நடக்கும்.

ஆபீசர் சொல்வார்: "ஸ்டார்போர்டு டென்." சுக்கானை வலப்பக்கம் பத்து டிகிரி திருப்பு என்று அர்த்தம். நான் திருப்பிச் சொல்லணும்: "ஸ்டார்போர்டு டென் சார்." சக்கரத்தைத் திருப்பி, முள் பத்தில் வந்து நின்ற பிறகு இன்னொரு தடவை: "டென் ஆஃப் ஸ்டார்போர்டு வீல் ஆன் சார்." அவர் "வெரி குட்" என்பார். ஒரே உத்தரவு மூன்று தடவை காற்றில் போய்வரும். சேர்ந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. என்ன இது, கிளிப்பிள்ளை வேலை என்று.

சமையலுக்கு வந்த முதல் வருசம்தான் அதன் அருமை தெரிந்தது. பெருமாள்புரத்தில் ஒரு மறுவீட்டு விருந்து. 300 இலை. அவியலில் உப்புப் போடச் சொல்லிக் கத்திவிட்டு நான் பந்திப் பக்கம் போனேன். ரெண்டு பேர் காதில் விழுந்திருக்கிறது, ரெண்டு பேரும் போட்டுவிட்டார்கள். ஒருத்தனும் "போட்டாச்சு" என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நானும் வைத்திருக்கவில்லை.

மறுநாளே சட்டம் போட்டேன். உப்பு, புளி, தலைப்பால், இந்த மூன்றுக்கும் சொல்கிறவன் ஆள் பேரைச் சொல்லிச் சொல்லணும், கேட்டவன் திருப்பிச் சொல்லணும், போட்டபின் இன்னொரு தடவை சொல்லணும். "சொதிக்கு உப்புப் போடு மாரி." "சொதிக்கு உப்புப் போடுதேன் அண்ணாச்சி." "சொதிக்கு உப்புப் போட்டாச்சு அண்ணாச்சி." கல்யாண வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஜூலை 20, காலை 9.30

திருத்தம். அவியல் இல்லை, சொதி, நம்ம தேங்காய்ப்பால் குழம்பு. மறுவீட்டில் சொதி கெட்டது என்றால் நம்ம ஊரில் சம்பந்தி சண்டைக்குச் சமானம் என்பதால் மறைத்து எழுதிவிட்டேன் போல. வீட்டுக்காரி படித்துவிட்டு, "பொய் எதுக்கு எழுதுதிய" என்றாள்.

ஜூலை 23, இரவு 11.20

தம்பி கேட்டிருக்கிறார்: "கேப்டனுக்கு ஷிப்ட் எப்படி?" நல்ல கேள்வி. அவருக்கு ஷிப்டே கிடையாது.

மற்றவர்களுக்கு உண்டு. நாலு மணி நேரம் ஒரு வாட்ச். ராத்திரி 8 முதல் 12, 12 முதல் 4, 4 முதல் 8 என்று போகும். அப்படியே வெட்டினால் ஒரு நாளுக்கு ஆறு வாட்ச். ரெண்டு குழுவானாலும் மூன்று குழுவானாலும் ஆறு மீதியில்லாமல் வகுபடும். அப்போது ஒரே குழுவுக்குத் தினமும் அதே நடுச்சாமம் விழும். அதனால் சாயங்காலம் 4 முதல் 8 வரை உள்ளதை மட்டும் ரெண்டு ரெண்டு மணியாகப் பிளந்து வைத்திருக்கிறார்கள். டாக் வாட்ச் என்று பேர். ஆறு ஏழாகிவிடும். இன்றைக்கு 12 முதல் 4 நின்றவனுக்கு நாளைக்கு வேறு நேரம். பாய்மரக் காலத்து ஏற்பாடு, இன்னும் மாறவில்லை. யாருக்கும் அநியாயம் பண்ணாத ஒரு கணக்கு. உங்க கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை நைட் ஷிப்ட் யாருக்கு அடிக்கடி விழுகிறது என்று எடுத்துப் பாருங்க. பேசத் தெரியாத ஒருத்தனுக்குத்தான் விழும்.

கேப்டன் இந்த எதிலும் இல்லை. அப்படியென்றால் 24 மணி நேரமும் அவர் வாட்ச்தான். கடலில் இருக்கும்போது பிரிட்ஜுக்குப் பக்கத்துச் சின்ன கேபினில் பாதி உடுப்போடு படுப்பார். படுக்கப் போகும் முன் நைட் ஆர்டர் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். இந்தப் பாதை, இந்த வேகம், இத்தனை மணிக்கு இந்த விளக்கு தெரியணும், இன்னின்ன நடந்தால் என்னை எழுப்பு. கடைசி வரி எல்லாருடைய புத்தகத்திலும் ஒன்றுதான்: சந்தேகம் என்றால் எழுப்பு.

அந்த சந்தேகம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நடுச்சாமம். தூரத்தில் ஒரு வெள்ளை விளக்கு. திசைமானியில் பார்க்கிறோம், 045, அதாவது 45 டிகிரி. ஐந்து நிமிசம் கழித்து 045. இன்னும் ஐந்து நிமிசம், அதே 045. விளக்கு மட்டும் பெரிதாகிறது. பார்த்தால் ஒன்றும் ஆபத்தாகத் தோன்றாது, எதிரே வராமல் பக்கவாட்டில் சாதுவாக நிற்கிற மாதிரி இருக்கும். ஆனால் திசை மாறாமல் தூரம் மட்டும் குறைந்தால் ரெண்டு பேரும் ஒரே புள்ளிக்குப் போகிறோம் என்று அர்த்தம். மோதல் தவிர்ப்பு விதிகளிலேயே இருக்கிறது, ஆபத்து உண்டா இல்லையா என்று சந்தேகம் வந்தால் உண்டு என்றே எடுத்துக்கொள்ளணும். 1972-இல் உலகம் பூராவும் ஒத்துக்கொண்ட விதி.

20 வயசுப் பையனுக்கு அந்த நேரத்தில் வயிற்றில் ஓடுகிற கணக்கே வேறு. எழுப்பி, ஒன்றுமில்லை என்றாகிவிட்டால்?

எங்க கேப்டன்கள் யாரும் எழுப்பினதற்குத் திட்டினதே இல்லை. அதுதான் நான் கற்ற ஒரே பாடம். மற்றதெல்லாம் அலங்காரம்.

ஜூலை 24, மதியம் 2.10

எழுப்பாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 போதும். அமெரிக்காவின் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற நாசகாரிக் கப்பல், ஜூன் 17 அதிகாலை, ஜப்பான் பக்கம். சரக்குக் கப்பல் ஒன்று வந்து இடித்தது. ஏழு மாலுமிகள் இறந்தார்கள். கேப்டன் தன் கேபினில் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கப்பல் வந்தால் எழுப்பணும் என்று நிலை உத்தரவே இருந்தது. வாட்சில் இருந்த ஆபீசர் எழுப்பவில்லை. அவர் கேபினையே இடித்து நொறுக்கினபிறகுதான் எழுந்தார்.

ரெண்டே மாசம். ஆகஸ்ட் 21, சிங்கப்பூர் பக்கம், ஜான் எஸ். மெக்கெய்ன். இந்தத் தடவை கேப்டன் பிரிட்ஜில்தான் நின்றார். சுக்கான் பிடித்தவன் திணறுகிறான் என்று கவனித்தார், வேலையை ரெண்டு பேருக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். நல்ல எண்ணம்தான். தொடுதிரையில் மாற்றும்போது சுக்கானும் சேர்ந்து பக்கத்து ஆள் மேசைக்குப் போய்விட்டது. இவன் சுக்கான் வேலை செய்யவில்லை என்று கத்துகிறான், அது ரெண்டடி தள்ளி நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கிறது. பத்து பேர் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கப்புறம் இயந்திர வேகத்துக்காவது கையால் பிடிக்கிற நெம்புகோலையே திரும்ப வைக்க முடிவெடுத்தார்கள்.

யார் கையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத நிலை. எனக்கு ரெண்டு உப்பு ஞாபகம் வந்தது.

ஜூலை 27, இரவு 9.05

"தலைவன்னா எம்டன் மாதிரி இருக்கணும்" என்று ஒருத்தர். சிரித்துவிட்டேன். எங்க ஆச்சி திருட்டுத்தனமாய்க் கருப்பட்டி தின்றவனைத்தான் எம்டன் என்பாள். 1914 செப்டம்பர் 22 ராத்திரி மதராசில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போன ஜெர்மன் கப்பல், நம்ம வாயில் கெட்டிக்காரப் போக்கிரிக்குப் பேராக நின்றுவிட்டது.

ஆனால் அதன் கேப்டன் கார்ல் ஃபொன் முல்லர் படிக்கவேண்டிய ஆள். பிடித்த வணிகக் கப்பல்களின் ஆட்களைப் பத்திரமாக இறக்கிவிட்டுத்தான் கப்பலை மூழ்கடிப்பார். எதிரி நாட்டுப் பத்திரிகைகளே மெச்சின. எம்டனுக்கு மூன்று புகைபோக்கி. துணைத் தளபதி ம்யூக்கே ஒரு யோசனை சொன்னார், கித்தானும் மரமும் வைத்து நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி நிறுத்தினால் பிரிட்டிஷ் கப்பல் மாதிரித் தெரியும். கேப்டன் சரி என்றார். அந்த வேஷத்தோடு அக்டோபர் 28 அன்று பினாங்கு துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்து ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தார்கள். கீழே இருப்பவன் சொன்ன கோமாளி யோசனைக்குத் தலையாட்டுகிற தைரியம் எத்தனை முதலாளிக்கு உண்டு? என் கடையில் ஒருத்தன் இஞ்சிப் பச்சடியை மண்சட்டியில் வைத்துப் பரிமாறலாம் என்று சொன்னான். "போலே" என்றேன். இப்போது வேறொருத்தர் அதைச் செய்து பேர் வாங்குகிறார்.

ஜூலை 28, காலை 7.00

தூத்துக்குடிக்காரர் ஒருத்தர், "போர்க்கப்பல் எதுக்கு, நம்ம தோணித் தண்டலைப் பத்தி எழுதும்வே" என்கிறார். நியாயம்தான், தோணிக்குத் தண்டல்தான் கேப்டன். என் தாய்மாமா கொழும்புத் தோணியில் போய்வந்தவர். வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றின பாய்மரத் தோணி. தண்டல் கத்தினதை அவர் ஒரே ஒரு தடவைதான் கேட்டாராம், பாயை இறக்கச் சொல்லி. மற்ற நேரமெல்லாம் வெற்றிலை போட்டபடி வாடையா கொண்டலா என்று காற்றைப் பார்த்திருப்பார். எப்போதும் கத்தாதவர் கத்தினால் எல்லாரும் ஓடுவார்கள். நான் தினமும் கத்துகிறேன், ஒருத்தனும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆகஸ்ட் 1, இரவு 10.15

நம்ம மாவட்டத்திலேயே ஒரு கப்பல் இருக்கிறது, தெரியுமா? கடலைப் பார்க்காத கப்பல். விஜயநாராயணம், ஐ.என்.எஸ். கட்டபொம்மன். கடற்படையில் தரைத் தளத்துக்கும் கப்பல் பேர்தான் வைப்பார்கள், அதற்கும் கமாண்டிங் ஆபீசர்தான். கப்பல் நிலத்தில் ஓடாது என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணினோம். அங்கே நிலத்தில் நிற்கிறது.

1990-இல் தொடங்கினது. நாங்குநேரி தாண்டி அந்தப் பக்கம் போனால் வானத்தைக் குத்துகிற கம்பங்கள் தெரியும். மிகத் தாழ்ந்த அலைவரிசையில் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிற இடம். சாதாரண ரேடியோ அலை உப்புத் தண்ணீருக்குள் இறங்காது. இது சில மீட்டர் ஆழம் வரை இறங்கும். நீர்மூழ்கி மேலே வராமலே கேட்டுக்கொள்ளலாம்.

இதில் ஒரு விசயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நீர்மூழ்கி கேட்கும், பதில் பேசாது. பேசினால் இருக்கிற இடம் தெரிந்துபோகும். அனுப்பினவர் வெறுமனே காத்திருக்கணும். போய்ச் சேர்ந்ததா, செய்கிறாரா, எதுவும் தெரியாது. அதனால் அனுப்புகிற உத்தரவு சுருக்கமாக, ரெண்டு அர்த்தம் இல்லாமல் இருக்கணும். வாங்குகிற கேப்டன் முன்கூட்டியே தேறின ஆளாக இருக்கணும். அதற்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருக்கத்தான் வேண்டும்.

நானோ, ஆழ்வார்திருநகரிக்கு ஒரு சின்ன விசேஷத்துக்கு ஆளனுப்பிவிட்டு அரைமணிக்கு ஒரு தரம் போன் போடுகிறவன். "பருப்பு ஊறியாச்சா? இலை வந்தாச்சா?" கடைசியில் அவன் போனைத் தண்ணீர் அண்டாவில் போட்டுவிட்டதாகச் சொன்னான். நம்பவில்லை. ஆனால் சாப்பாடு நன்றாக இருந்தது என்று வீட்டுக்காரர் சொன்னார்.

(20-ந்தேதி மூன்று தடவை திருப்பிச் சொல்லணும் என்று எழுதினேன், இன்றைக்குப் பதிலே வராத உத்தரவைப் புகழ்கிறேன். ரெண்டும் எப்படிச் சேரும் என்று ஒருத்தர் பிடித்துவிட்டார். பக்கத்தில் நிற்பவனிடம் திருப்பிக் கேட்கலாம், கேட்கணும். ஊருக்கு அனுப்பினவனைத் திருப்பித் திருப்பிக் கேட்டால் அவன் வேலை செய்ய மாட்டான், போன்தான் எடுப்பான். இதுக்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.)

ஆகஸ்ட் 4, இரவு 12.30

தூக்கம் வரவில்லை. 23-ந்தேதி எழுதினதில் ஒரு பொய் இருக்கிறது.

"எங்க கேப்டன்கள் யாரும் திட்டினதே இல்லை" என்று எழுதினேன். நாலு பேர் திட்டினதில்லை. ஒருத்தர் திட்டினார். மூன்றாவது கப்பல். பேர் வேண்டாம், ரெண்டுக்கும். திறமையான ஆள், கப்பலை ஒற்றைக் கையால் துறைமுக ஜெட்டியில் ஒட்டுவார். சப் லெப்டினன்ட் ஒருத்தர் நடுச்சாமத்தில் எழுப்பி, விளக்கு தெரிகிறது சார் என்றார். அவர் வந்து பார்த்து, அது கரையில் ஏதோ ஊர் விளக்கு என்று தெரிந்ததும், எல்லார் முன்னாலும் நாலு வார்த்தை சொன்னார். பெரிதாக ஒன்றுமில்லை. "கண் டாக்டரைப் பார்" என்கிற மாதிரி. பிரிட்ஜில் ரெண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அந்த சப் லெப்டினன்ட் யாரையும் எழுப்பவில்லை. பத்து நாள் கழித்து, இருட்டில், விளக்கே ஏற்றாத மீன்பிடிப் படகுக் கூட்டம். பார்வைக்காரப் பையன் ஒரு நிழலைப் பார்த்திருக்கிறான். சொல்லவா வேண்டாமா என்று யோசித்திருக்கிறான். அவன் சொன்னபோது நான் சக்கரத்தை முழுசாக வெட்டினேன். ஒரு படகு கப்பலை உரசுகிற மாதிரி, கை நீட்டினால் தொடலாம் போலப் போனது. அதில் ஒரு வயசானவர் எழுந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்தார். தூக்கத்தில் இருந்து எழுந்த முகம். உவரியிலோ இடிந்தகரையிலோ பார்த்த முகம் மாதிரியே. கடல் வேறு கடல், ஆனாலும்.

ஒன்றும் நடக்கவில்லை. நோட்டில் ஒரு வரி. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 6, மாலை 5.45

மேலே உள்ளதுக்கு ஒரு பழைய கதை. 1893 ஜூன் 22. பிரிட்டிஷ் மத்தியதரைக்கடல் படை, லெபனான் திரிப்போலி பக்கம். அட்மிரல் ட்ரையன், பெரிய மேதை என்று பேர். கப்பல்கள் ரெண்டு வரிசையாகப் போகின்றன. நடுவில் சுமார் 1,100 மீட்டர். ரெண்டு வரிசையும் உள்பக்கமாகத் திரும்பு என்றார். அந்த இடைவெளி பத்தாது என்று கூடவே நின்ற ஆபீசர்களுக்குத் தெரியும். ஒருத்தர் கேட்டும் பார்த்தார், அட்மிரல் மாற்றவில்லை. எதிர் வரிசையின் தலைவர் மார்க்கம் தயங்கினார். எதுக்குக் காத்திருக்கிறாய் என்று கொடியில் கேள்வி வந்தது, எல்லார் கண் முன்னாலும். திரும்பினார். அவருடைய கேம்பர்டவுன், அட்மிரலின் விக்டோரியாவைக் குத்திக் கிழித்தது. அட்மிரலோடு 358 பேர் செத்தார்கள். நல்ல வெயில், அலையில்லாத கடல், பட்டப்பகல்.

அவருக்கு ஏதாவது திட்டம் இருக்கும் என்று நினைத்தார்களாம். மேதை என்று பேர் எடுத்தவருக்கு இதுதான் ஆபத்து. பெரிய சமையல் தவசுப்பிள்ளைகளிடமும் பார்த்திருக்கிறேன். பாயசத்தில் உப்பு விழுவதைப் பார்த்தும் பக்கத்தில் நிற்பவன் "அண்ணாச்சி ஏதோ பக்குவம் பண்ணுதாரு" என்று நிற்பான்.

ஆகஸ்ட் 9, மதியம் 3.20

சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் நான் எப்படிப் போவது. 1946 பிப்ரவரி 18, பம்பாய், தல்வார். அதுவும் கட்டபொம்மன் மாதிரித் தரையில் நின்ற "கப்பல்"தான், சிக்னல் பள்ளிக்கூடம். வாயில் வைக்க முடியாத சாப்பாடு, அதோடு கமாண்டர் இன வெறியோடு வைத வசவு. மாலுமிகள் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்கள். சில நாளில் 78 கப்பல், 20,000 பேர் என்று கடற்படைக் கிளர்ச்சியாகப் பரவியது. விடுதலை உணர்ச்சி அடியில் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தீ பற்றின இடம் தட்டு.

எங்க கப்பலில் தினமும் மாலுமிகளுடைய சாப்பாட்டை ஆபீசர் ஒருத்தர் முதலில் ருசி பார்த்துக் கையெழுத்துப் போடணும். பலர் ஸ்பூன் நுனியில் தொட்டுவிட்டுப் போவார்கள். எங்க ரெண்டாவது கேப்டன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வரிசையில் தட்டோடு நிற்பார். மாசம் ரெண்டு தடவைதான். மற்ற 28 நாளும் காலி ஆட்கள் அவர் வருவார் என்றே சமைத்தார்கள்.

காலி என்றால் கப்பல் சமையலறை. நம்ம காலி இல்லை.

தம்பி, உங்க கேண்டீனில் நீங்க எங்கே உட்கார்ந்து சாப்பிடுறீங்க?

ஆகஸ்ட் 12, இரவு 9.40

"கப்பலோட மூழ்குறவன்தான் கேப்டன்" என்று ஒருத்தர் முல்லா பேரைச் சொல்லி எழுதியிருக்கிறார். 1971 டிசம்பர் 9, பாகிஸ்தான் போர், டையூ பக்கம், நம்ம போர்க்கப்பல் குக்ரி மூழ்கியது. 18 ஆபீசர்கள், 176 மாலுமிகள் போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா தன் உயிர்காப்புச் சட்டையை இன்னொருத்தனுக்குக் கொடுத்துவிட்டு ஆட்களை இறக்குவதில் நின்றார், கப்பலோடு போனார். மகாவீர் சக்கரம். சில்காவில் பயிற்சியின்போது முதல் முதலாகக் கேட்டேன், அன்றைக்கு ராத்திரி யாரும் பேசவில்லை.

ஆனால் அவர் மூழ்கினதால் பெரிய கேப்டன் இல்லை. கடைசி நிமிசம் வரை மற்றவனை வெளியே தள்ளினார், அதனால். இதைப் பிரித்துப் பார்க்காமல் நம்ம ஆட்கள் எல்லாவற்றையும் தோளில் தூக்கிக்கொண்டு சாகிறதைத் தலைமை என்று நினைக்கிறார்கள்.

ஒட்டப்பிடாரத்துக்காரர் கதையும் இங்கேதான் வருகிறது. வ.உ.சி. 1906-இல் பத்து லட்சம் மூலதனம், 25 ரூபாய்ப் பங்கு 40,000 என்று கம்பெனி தொடங்கி, ரெண்டு கப்பலை வாங்கி தூத்துக்குடி–கொழும்பு ஓட்டினார். 1908-இல் அவரை உள்ளே போட்டார்கள், திருநெல்வேலி பற்றி எரிந்தது. 1911-இல் கம்பெனியைக் கலைத்தார்கள். வெள்ளைக்காரன் நசுக்கினான், அது முதல் காரணம், அதில் மறுபேச்சு இல்லை. ஆனாலும் இழுத்த செக்கை நினைத்து அழுகிற நாம், அவர் இல்லாதபோது கம்பெனியை இழுக்க ஏன் ஆள் நிற்கவில்லை என்று கேட்பதே இல்லை. கேட்டால் அடிக்க வருவீங்க. எழுதியாச்சு.

ஆகஸ்ட் 13, காலை 6.40

அடிக்க வந்துவிட்டார்கள். சரி. பங்கு வாங்கினவர்களும் பயந்தார்கள், அரசாங்கமே எதிரே நின்றது, 22 பேர் சமையல்காரனுக்கு அதை எடைபோடத் தகுதி இல்லை. ஒத்துக்கொள்கிறேன். கேள்வியை மட்டும் அழிக்கவில்லை.

ஆகஸ்ட் 15, இரவு 11.55

இதை எழுதலாமா என்று பத்து நாளாக யோசனை. 4-ந்தேதி அந்த கேப்டனைப் பற்றி எழுதினபோதே வந்திருக்கணும்.

போன வைகாசி. திசையன்விளைப் பக்கம் ஒரு கல்யாணம். அதற்கு ஒரு வாரம் முன்னால் வேறொரு மண்டபத்தில், கடைக்குட்டிப் பையன், 19 வயசு, ராத்திரி ஒரு மணிக்கு என்னை எழுப்பினான். "அண்ணாச்சி, முருங்கைக்காய் இருநூறு நறுக்கவா, இருநூத்தம்பதா?" மூன்று நாள் தூக்கம் இல்லை எனக்கு. "இதுக்கெல்லாமா எழுப்புவ மூதி" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். ரெண்டு பேர் சிரித்தார்கள்.

அங்கே திசையன்விளையில் நான் ஸ்டோர் ரூமில் படுத்திருந்தேன். ரெண்டரைக்கு அவன்தான் சாம்பாருக்குத் துவரம்பருப்பை அடுப்பில் ஏற்றினான். லாரித் தண்ணீர். அந்தப் பக்கம் போர்வெல் தண்ணீர் உவர்ப்பு, நல்ல தண்ணீர் என்று சொல்லித்தான் இறக்கியிருந்தார்கள். உவர்த் தண்ணீரில் பருப்பு வேகாது, என்ன எரித்தாலும் கல்லாக உருளும். மூன்றரைக்கே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பருப்பை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்திருக்கிறான், நசுங்கவில்லை. அரைமணி கழித்து மறுபடி. அதே கல். இன்னொரு அரைமணி. அதே.

045. 045. 045.

எழுப்பவில்லை. விறகைக் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறான். ஐந்தேகாலுக்கு நானாக எழுந்து வந்து பார்க்கிறேன், அண்டா முன்னால் வேர்த்து நனைந்து நிற்கிறான். கேன் தண்ணீர் வாங்கி, புதுப் பருப்பு போட்டு, ஆப்பசோடா போட்டு, இட்லிக்குச் சாம்பார் போனது ஏழு நாற்பதுக்கு. மாப்பிள்ளை வீட்டில் பாதிப் பேர் சட்னியோடு எழுந்துவிட்டார்கள். நான் வீட்டுக்காரரிடம் தண்ணீர் லாரிமேல் பழியைப் போட்டேன். பையனுக்கு அரைநாள் கூலியைப் பிடித்தேன்.

கூலியைப் பிடித்தேன். கப்பலில் எந்த கேப்டனும் லாரிக்காரன் தப்பு என்று சொல்ல முடியாது. கேபினில் தூங்கினாலும் பொறுப்பு அவருடையதுதான். ஃபிட்ஸ்ஜெரால்டு கேப்டனைப் பற்றி இங்கே பெரிய நியாயஸ்தன் மாதிரி எழுதினேனே.

ஆகஸ்ட் 16, காலை 8.10

பையனுக்குப் பணத்தைக் கொடுக்கப் போனேன். "அது அப்பமே முடிஞ்சிட்டுல்லா அண்ணாச்சி" என்றான். வாங்கிக்கொண்டான். முகம் ஒன்றும் மாறவில்லை. சொல்லவேண்டியதைச் சொன்னேன்: எந்த நேரமானாலும் எழுப்பு. "சரி அண்ணாச்சி" என்றான். திருப்பிச் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

தம்பி, நீங்க கேட்டதற்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை என்று தெரியும். 500 ரூபாய்க்கு ஓடுகிறவன் ஓடத்தான் செய்வான், அதற்கு நேவியில் மருந்து இல்லை. நின்றுகொண்டே வாயை மூடிக்கொள்கிறவனைப் பாருங்க.

ஆகஸ்ட் 29, அதிகாலை 3.40

ஆவணி. கேடிசி நகர்ப் பக்கம் மண்டபம். போனிலேயே அடிக்கிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க.

ரெண்டு பத்துக்குத் தோளைத் தொட்டான். தொட்டுவிட்டு ரெண்டடி பின்னால் போய் நின்றான்.

"அண்ணாச்சி, தேங்காய் ஒரு மூட்டை சிக்கு வாடை அடிக்க மாதிரி இருக்கு. சொதிக்கு எடுக்கவா வேண்டாமா?"

எழுந்து போனேன். நாலு காய் உடைக்கச் சொன்னேன். மோந்து பார்த்தேன், கடித்துப் பார்த்தேன். நல்ல காய். மூட்டைச் சாக்குதான் ஏதோ எண்ணெய்ச் சாக்கு, அந்த வாடை.

வாய் வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது.

"நல்ல காய்தான். எடு" என்றேன்.

"எடுக்கேன் அண்ணாச்சி."

போய்விட்டான். தூக்கம் போனது போனதுதான். இஞ்சி சீவ உட்கார்ந்திருக்கிறேன், ஆறு கிலோ. உள்ளே இருந்து சத்தம் வருகிறது, "காய் உடைச்சாச்சு அண்ணாச்சீ."